வேலூர் வெயிலில் ரெசின் உருவங்களை வார்க்கும் முறை

இறுகி உருவமாகும் திரவப் பிசினான ரெசின் வரும் டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில், கலந்த பிறகு 30 நிமிடம் வரை ஊற்றலாம் என்று போட்டிருப்பார்கள். அதன் அருகில் கண்ணுக்குச் சரியாகப் புலப்படாத எழுத்தில் 25 டிகிரி என்றும் இருக்கும். அந்த 25 டிகிரி வேலூரில் வருடத்தில் எத்தனை நாள், நாளில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்பதை இங்கே குடியிருப்பவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இந்த ஊரில் மொட்டை மாடியிலோ பின்கட்டிலோ உருவம் வார்க்கத் தொடங்குகிறவர் முதலில் பழக வேண்டியது, டப்பாவில் எழுதிய நேரத்தை நம் ஊர் வெயிலுக்கு மாற்றிக்கொள்ளும் கணக்கைத்தான். சிற்பம், அச்சு, வண்ணம் எல்லாம் அதற்குப் பிறகு வரும்.

கணக்கு கடினமானதன்று. ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் சேர்ந்து இறுகுவது ஒரு வேதிவினை; வெப்பநிலை 10 டிகிரி ஏறும்போது அதன் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. 25 டிகிரியில் 30 நிமிடம் தாங்கும் கலவை, 35 டிகிரியில் 15 நிமிடமே தாங்கும். கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் 40 டிகிரியைத் தொட்டுவிட்டால் பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. இதோடு போவதில்லை. இறுகும்போது கலவை தானும் வெப்பத்தை வெளியிடுகிறது. குறுகலான கோப்பையில் நிறையக் கலந்து வைத்தால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கி, வினையை மேலும் முடுக்கிவிடுகிறது. நான் தொடங்கிய வருடம் ஒரு மே மாதக் காலை 11 மணிக்கு, ஐந்து அச்சுகளுக்கும் ஒரேயடியாகக் கலந்துவிடலாம் என்று 150 கிராம் எப்பாக்சி வகை ரெசினை ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் கலந்தேன். இரண்டாவது அச்சை நிரப்பிவிட்டு நிமிர்வதற்குள் டம்ளர் கையைச் சுட்டது. தரையில் வைத்ததும் அதன் அடி இளகி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே இருந்தது வெல்லப்பாகின் நிறத்துக்கு மாறி, நுரைத்து, மூக்கை எரிக்கும் புகையைக் கிளப்பியது. அந்தக் கட்டி இன்றும் கொட்டகைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அப்படி ஒரு கோப்பை சூடேறத் தொடங்கினால் அதைக் குப்பைத் தொட்டியில் போடாமல், காகிதமோ துணியோ அருகில் இல்லாத வெறும் சிமென்ட் தரையிலோ மணலிலோ வைத்துவிட்டு, காற்று வரும் பக்கமாகத் தள்ளி நிற்க வேண்டும்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை காலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் மட்டுமே ஊற்றுவது என்றும், ஒரு தடவைக்கு 30 கிராமுக்கு மேல் கலப்பதில்லை என்றும் அன்று முதல் வழக்கமாக்கிக்கொண்டேன். இந்த இரண்டையும் கடைப்பிடித்தாலே பாதித் தொல்லை ஒழிந்துவிடும். ரெசின் புட்டியை முந்தைய இரவே இறுக மூடி, ஒரு பாலித்தீன் பைக்குள் கட்டி, தண்ணீர் நிரப்பிய மண் சட்டிக்குள் நிறுத்தி வைத்தால் விடியற்காலையில் இதமாகக் குளிர்ந்திருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதை நான் சொல்ல மாட்டேன். சாப்பாட்டுப் பொருள்களோடு இவற்றை வைக்கக் கூடாது என்பது ஒரு காரணம், அளவுக்கு மீறிக் குளிர்ந்த ரெசின் தேனைப் போல் கெட்டிப்பட்டுக் குமிழிகளை விடாமல் பிடித்துக்கொள்ளும் என்பது மற்றொன்று. மார்கழி விடியலில் இங்கேயே அந்தக் கெட்டித்தன்மையைப் பார்க்கலாம். அப்போது புட்டியை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் நிறுத்தினால் இளகிவிடும்.

எந்த உருவம், எந்த ரெசின்

எடுத்துக்காட்டுக்கு ஓர் உருவம் வேண்டும் என்பதால், எங்கள் ஊர்க் கோட்டைக்குரிய 1806-ஆம் ஆண்டுச் சிப்பாய் ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். போர்வீரர் பொம்மைகளுக்கு நெடுங்காலமாக வழங்கிவரும் 54 மி.மீ. உயரமே தொடக்கக்காரருக்கு ஏற்றது. 32-இல் ஒரு பங்கு என்ற கணக்கில் அது ஏறத்தாழ 5 அடி 8 அங்குல உயரமுள்ள மனிதரைக் குறிக்கும். இதைவிடச் சிறியதில் முகம் வராது. பெரியதில் பொருள் வீணாகும்.

இந்தச் சிப்பாயின் உருவத்தில் கதை முழுவதும் தலையில் இருக்கிறது. 1805 நவம்பரில், சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக சர் ஜான் கிராடக் இருந்தபோது, நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையைக் கத்தரிக்க வேண்டும் என்ற விதிகளோடு, ஐரோப்பியத் தொப்பியை ஒத்த புதிய தலைப்பாகையும் தோலால் செய்த குஞ்சமும் சிப்பாய்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டன. 1806 ஜூலை 10 அன்று விடியும் முன் வேலூர்க் கோட்டையில் மூண்ட எழுச்சிக்கு உடனடிக் காரணங்களில் ஒன்றாக அமைந்தது அந்தத் தலைப்பாகை. ஆகவே உருவத்தில் வேறெது மழுங்கினாலும் பொறுத்துக்கொள்ளலாம், தலைப்பாகையின் விளிம்பும் குஞ்சமும் மழுங்கக் கூடாது. வார்ப்பவருக்கு ஏற்படும் சோதனை என்னவென்றால், காற்றுக்குமிழி போய் ஒளிந்துகொள்ளும் இடங்களும் மிகச் சரியாக அவையே. இந்தக் கட்டுரையில் அச்சைப் பற்றி நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்த ஒரு விரற்கடை இடத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

வீட்டில் வார்ப்பவருக்கு மூன்று வகை ரெசின்கள் கிடைக்கின்றன. சிலைகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் ஃபைபர் வேலை செய்கிறவர்கள் பயன்படுத்தும் பாலியெஸ்டர் ரெசின் மலிவானது. ஆனால் ஸ்டைரீன் வாடை தெருக்கோடி வரை போகும், இறுகும்போது சுருங்கும், மெல்லிய பாகங்கள் நொறுங்கும். அதை இறுகவைக்கச் சேர்க்கும் கேட்டலிஸ்டையும் வினையை முடுக்கும் கோபால்ட்டையும் ஒன்றோடொன்று நேரடியாகக் கலந்தால் தீப்பிடித்து வெடிக்கக்கூடும். குழந்தைகள் நடமாடும் வீட்டில் அதை வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. பாலியூரித்தேன் ரெசின் தண்ணீர் போல ஓடும், சில நிமிடங்களில் இறுகும், அரை மணி நேரத்தில் உருவத்தை எடுத்துவிடலாம். பெரும்பாலான தொழில்முறை உருவங்கள் அதில்தான் வார்க்கப்படுகின்றன. நம் பகுதிக்காரர்களுக்கு அது புதிய பொருளும் அன்று. ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கத்துக் காலணித் தொழிலில் இருக்கும் எவரைக் கேட்டாலும் பி.யு. சோல் என்றால் என்னவென்று சொல்வார். அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். எப்பாக்சி நிதானமானது, வாடை குறைந்தது, உறுதியானது, ஒரு நாள் காத்திருக்கச் சொல்வது. அவசரத்தை இந்த ஊர் வெயிலே சேர்த்துக் கொடுத்துவிடுவதால், இங்கே தொடங்குகிறவருக்கு நிதானமான எப்பாக்சியே பொருத்தம். பத்து உருவங்களை ஒழுங்காக வார்த்த பிறகு பாலியூரித்தேனுக்குப் போகலாம்.

மூல உருவம்

மூல உருவத்தை எதில் வேண்டுமானாலும் செய்யலாம். அதன் மேற்பரப்பு எப்படி இருக்கிறதோ அப்படியே ஒவ்வொரு பிரதியிலும் வரும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அச்செடுக்கப் பயன்படும் சிலிகான் ரப்பர் விரல் ரேகையைக்கூட விட்டுவைக்காது. மெல்லிய செம்புக் கம்பியை முறுக்கி எலும்புக்கூடு போல நிறுத்தி, குழாய் ஒழுகலை அடைக்க வாங்கும் எம்-சீல் போன்ற இரு பகுதிப் பட்டியைப் பிசைந்து அதன் மேல் சிறிது சிறிதாக ஏற்றுவது என் முறை. முதல் நாள் உடம்பும் காலும், அது இறுகியபின் மறுநாள் கோட்டும் பட்டைகளும், அதற்கடுத்த நாள் முகமும் தலைப்பாகையும் என்று பிரித்துக்கொண்டால், ஒன்றைச் செய்யும்போது மற்றொன்று நசுங்காது. விரலையும் கருவியையும் தண்ணீரில் தொட்டுக்கொண்டு வழித்தால் பட்டி கையில் ஒட்டாமல் வழவழப்பாகப் படியும்.

களிமண்ணில் செய்கிறவர்கள் அதை நன்றாகக் காயவிட்டு, அரக்கு வார்னிஷை இரண்டு மூன்று முறை பூசி, துளைகளை அடைத்த பிறகே சிலிகானுக்குக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் சிலிகான் துளைகளுக்குள் புகுந்து பிடித்துக்கொண்டு, பிரிக்கும்போது மண்ணைப் பெயர்த்துக்கொண்டு வரும். கொலுப் படியில் பாட்டி காலத்திலிருந்து நின்ற காகிதக்கூழ் பொம்மைக்குப் பிரதி எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். அந்தப் பழைய வண்ணம் சிலிகானோடு உரிந்து வந்துவிட்டால் திரும்ப ஒட்டவைக்க வழியில்லை. கடையில் வாங்கிய, வேறொருவர் வடித்த உருவத்துக்கு அச்செடுத்துப் பிரதி வார்ப்பது அவருடைய உழைப்பைத் திருடுவது. தம் கையால் செய்ததையே வார்க்க வேண்டும்.

சிப்பாயின் துப்பாக்கியை உடம்போடு சேர்த்துச் செய்யாமல் தனியாகச் செய்வது நல்லது. உடலிலிருந்து விலகி நிற்கும் கையையும் தனியாக வைத்துக்கொள்ளலாம். ஒரே துண்டாக வார்க்க வேண்டும் என்ற பிடிவாதத்தில் நான் உடைத்த துப்பாக்கிகள் இருபதுக்குக் குறையாது.

அச்சு

சிலிகான் ரப்பரில் இரண்டு வகை உண்டு. சந்தையில் எளிதாகக் கிடைப்பது வெள்ளை நிறத்தில் கட்டியாக இருக்கும், நூற்றுக்கு 2 முதல் 5 வரை கேட்டலிஸ்ட் சேர்க்கும் வகை. வெள்ளீயச் சேர்மத்தால் இறுகுவது அது. மற்றது பிளாட்டினத்தால் இறுகும், பெரும்பாலும் இரு பாகங்களையும் சரிபாதியாகக் கலக்கும் வகை. இரண்டாவது நீடித்து உழைக்கும், சுருங்காது, ஆனால் தொட்டாற்சிணுங்கி. கந்தகம் கலந்த மாடலிங் கிளே, ரப்பர் கையுறை, முன்பு வெள்ளீய வகைச் சிலிகான் கலந்த கோப்பை, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுத்த ரெசின் உருவம் ஆகிய எதில் பட்டாலும் பட்ட இடத்தில் இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். முதல் அச்சுக்கு வெள்ளீய வகையே போதும். வேலூரில் கிடைக்காவிட்டால் சென்னைப் பாரிமுனைப் பக்கம் விசாரிக்கலாம், இணையத்திலும் வாங்கலாம். எங்கே வாங்கினாலும் தயாரித்த தேதியைப் பார்த்து, தேவைக்குச் சிறிய டப்பாவாக வாங்க வேண்டும். பழைய கேட்டலிஸ்டால் ஒரு முழு டப்பா வீணானபோது கடைக்காரரோடு சண்டை போட்டும் பயனில்லாமல் போனது எனக்கு.

வேறு சாமான்களைப் பொறுத்தவரை நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள சர்ஜிக்கல் கடைகளில் 5, 10, 20 மில்லி சிரிஞ்சுகளும் நைட்ரைல் கையுறைகளும் வேண்டிய அளவு கிடைக்கும். நகை நிறுக்கும் சிறிய மின்தராசு ஒன்று அவசியம். அது பத்தில் ஒரு கிராமையாவது காட்ட வேண்டும். சமையலறைத் தராசு இதற்கு ஆகாது.

பெட்டிக்கு, விளம்பரப் பலகைக்காரர்கள் பயன்படுத்தும் சன்போர்டை வெட்டி, க்ளூ கன்னால் ஒட்டிக்கொள்ளலாம். உருவத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 1 செ.மீ. இடைவெளி இருந்தால் போதும். நம் சிப்பாய் பீடத்தோடு 6 செ.மீ. உயரம், 2 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனம் என்று வைத்துக்கொண்டால், பெட்டியின் உள்ளளவு 4 × 4 × 8 செ.மீ., அதாவது 128 மில்லி. உருவத்தை அளவுக் கோப்பையிலுள்ள தண்ணீரில் அமிழ்த்தி, நீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தால் அதன் கனஅளவு தெரியும். அது 10 மில்லி என்றால் மீதி 118 மில்லி. இவ்வகைச் சிலிகான் ஒரு மில்லி ஏறத்தாழ 1.15 கிராம் இருப்பதால் 136 கிராம் வேண்டும். கோப்பையில் ஒட்டிப் போவதையும் சேர்த்து 150 கிராமாகக் கலக்கலாம். கேட்டலிஸ்ட் 3 சதவீதம் என்று சீட்டில் இருந்தால் 4.5 கிராம். சீக்கிரம் இறுகட்டும் என்று கேட்டலிஸ்டைக் கூட்டுகிறவர்கள் அச்சு சில மாதங்களிலேயே மொரமொரத்துக் கிழிவதைப் பார்ப்பார்கள். வெயில் காலத்தில் சீட்டில் சொன்ன குறைந்தபட்ச அளவோடு நிற்பதே சரி.

தண்ணீரில் அமிழ்த்திய உருவத்தை நன்றாகத் துடைத்து உலர்த்தி, பீடத்தைப் பெட்டியின் அடித்தட்டில் ஒட்டி, தலை மேலே இருக்கும்படி நிறுத்த வேண்டும். இறுகிய அச்சைக் கவிழ்த்ததும் பீடம் இருந்த இடமே ரெசின் ஊற்றும் வாயாகிவிடும். தலைப்பாகை அச்சின் ஆழத்தில் போய்விடும். ரெசின் முதலில் அடையும் இடமும் அதிக எடை அழுத்தும் இடமும் அதுவாகிவிடுவதால், குமிழிகள் தலையை விட்டு மேலேறிப் பீடத்துக்கு வந்துசேரும். பீடத்தில் குமிழி இருந்தால் யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் மோவாயின் அடியும் குஞ்சத்தின் வளைவும், அச்சைக் கவிழ்த்துப் பிடிக்கும்போது காற்று வெளியேற முடியாத குடிசைகளாகிவிடும். அவற்றிலிருந்து பீடம் வரை குண்டூசித் தடிமனில் மெழுகு நூலையோ மெல்லிய கம்பியையோ பொருத்திவிட்டால், அச்சில் அதுவே காற்றுப் போகும் வழியாக அமையும். வார்த்த பிறகு அந்த இடத்தில் வரும் காம்பைப் பிளேடால் சீவிவிடலாம்.

பெட்டியின் மூலைகளை வெளிப்பக்கமாக மீண்டும் ஒருமுறை பசை வைத்து அடைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடுக்கு வழியாகவும் சிலிகான் இரவு முழுவதும் கசியும். காலையில் எழுந்து பார்த்தால் மேசையில் தோசை போல ஒரு வெள்ளை வட்டமும், பெட்டிக்குள் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிப்பாயும் இருப்பார்கள். சிலிகானோடு கேட்டலிஸ்டைச் சேர்த்து, கோப்பையின் சுவரையும் அடியையும் வழித்து வழித்து மூன்று நிமிடம் கலக்கிய பின், ஒரு சிறு தூரிகையால் முகம், பொத்தான்கள், தலைப்பாகை ஆகியவற்றின் மேல் முதலில் மெல்லிய பூச்சு ஒன்றைத் தடவ வேண்டும். அதற்குப் பிறகு கோப்பையை ஓர் அடி உயரத்தில் பிடித்து, பெட்டியின் ஒரே மூலையில், நூல் போன்ற தாரையாக ஊற்ற வேண்டும். தாரை மெலிந்து இறங்கும்போது அதிலிருக்கும் குமிழிகள் நீண்டு உடைந்துவிடுகின்றன. மூலையிலிருந்து மட்டம் தானாக ஏறி வரும்போது காற்றை முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. உருவத்தின் தலையில் நேராக ஊற்றினால் இந்த இரண்டு நன்மையும் இல்லை.

ஒரு நாள் முழுவதும் விட்டுவிட வேண்டும். வெயிலில் ஆறு மணி நேரத்திலேயே தொட்டால் இறுகியது போலத் தோன்றும். ஆனால் உள்ளே பதமாகாத அச்சை வெட்டினால் வெட்டிய விளிம்பு நெளிந்து, பிறகு ஒருபோதும் சரியாகப் பொருந்தாது. பெட்டியைப் பிரித்த பின், புதிய பிளேடால் உருவத்தின் முதுகுப் பக்கமாகப் பீடத்திலிருந்து கழுத்து வரை, நேர்கோடாக இல்லாமல் அலையலையாக வெட்டிக்கொண்டு போக வேண்டும். அலைகள் ஒன்றோடொன்று பொருந்துவதால் மூடும்போது அச்சு இம்மியும் நகராது. தலைக்கு மேல் இரண்டு செ.மீ. வெட்டாமல் விட்டு, பலாப்பழத்தைப் பிளப்பது போல மெல்ல விரித்து, மூல உருவத்தை எடுக்கலாம்.

ஊற்றுதல்

அச்சுக்குள் முகப் பவுடரைத் தூவித் தட்டி, எஞ்சியதை ஊதிவிட வேண்டும். அந்த மெல்லிய தூள் படிந்த பரப்பில் ரெசின் இழுபட்டுப் பரவும். குஞ்சத்தின் நுனி வரை போய்ச் சேரும். பிறகு அச்சை மூடி, இருபுறமும் சன்போர்டுத் துண்டு வைத்து ரப்பர் பேண்டு போட வேண்டும். துண்டு வைக்காமல் போட்டால் ரப்பர் பேண்டு அச்சைக் கவ்வி, சிப்பாய் இடுப்பு சிறுத்து வருவார்.

உருவத்துக்கு 10 மில்லி, ஊற்றுவாய்க்கும் காற்று வழிகளுக்கும் 3 மில்லி என்று 13 மில்லி. எப்பாக்சி ஒரு மில்லி ஏறத்தாழ 1.1 கிராம் என்பதால் 14 கிராமே தேவை. ஆனால் 18 கிராமுக்குக் குறைத்துக் கலக்க வேண்டாம். இரண்டுக்கு ஒன்று என்ற எடை விகிதமுள்ள எப்பாக்சியில் 18 கிராம் என்றால் 12 கிராம் ரெசின், 6 கிராம் ஹார்டனர். அந்த 6 கிராமில் அரை கிராம் பிசகினாலே எட்டு சதவீதத்துக்கு மேல் தவறிவிடும். கலவை சிறுக்கச் சிறுக்கத் தவறு பெருகும். விகிதம் எடைப்படியா கனஅளவுப்படியா என்பதைச் சீட்டில் படித்துக்கொள்வதும் முக்கியம், இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. பாலியெஸ்டருக்குச் செய்வது போல ஹார்டனரைக் கூட்டினால் எப்பாக்சி வேகமாக இறுகும் என்று நினைப்பது தவறு. மிஞ்சிய ஹார்டனர் உள்ளேயே தங்கி உருவத்தைக் குழைவாக்கும்.

மூன்று நிமிடம் நிதானமாகக் கலக்கி, கலவையை வேறொரு சுத்தமான கோப்பைக்கு மாற்றி மேலும் ஒரு நிமிடம் கலக்க வேண்டும். முதல் கோப்பையின் சுவரில் ஒட்டிய, சரியாகக் கலக்காத ரெசின்தான் உருவத்தில் அங்கங்கே ஒட்டும் திட்டுகளாக வருகிறது. ஊசி இல்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, முனையை அச்சின் ஆழம் வரை கொண்டுபோய், பாதிவரை நிரப்ப வேண்டும். இப்போது நிறுத்திவிட்டு, அச்சை இரு கைகளிலும் பிடித்து மெல்ல அமுக்கி விட வேண்டும், நான்கு பக்கமும் சாய்க்க வேண்டும், மேசையில் தட்ட வேண்டும். நீளமான மூங்கில் குச்சியை விட்டு மோவாய்ப் பக்கமும் தலைப்பாகை விளிம்பிலும் துழாவினால் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வருவதைக் காணலாம். அவை நின்ற பிறகே மீதியை ஊற்ற வேண்டும். காற்று வழிகளில் ரெசின் எட்டிப் பார்த்தால் அச்சு நிறைந்தது என்று பொருள்.

தொழில்முறையில் வார்ப்பவர்கள் அழுத்தக் கலனில் அச்சை வைத்துக் குமிழிகளை நசுக்கிவிடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக் குக்கரில் கம்ப்ரஸர் குழாயைப் பொருத்தும் விபரீதத்தைச் சிலர் செய்கிறார்கள். குக்கர் அதற்காகச் செய்யப்பட்டதன்று. வெடித்தால் முகம் இருக்காது. குச்சியும் பொறுமையும் போதும்.

துப்பாக்கியை வார்க்கும்போது, அச்சின் நடுவே ஒரு மெல்லிய தையல் ஊசியை நீளவாட்டில் கிடத்திவிட்டு ரெசின் ஊற்றினால், முதுகெலும்பு போல உள்ளே நின்று குழல் வளையாமலும் ஒடியாமலும் காக்கும். இருபது துப்பாக்கிகளுக்குப் பிறகு கிடைத்த ஞானம் இது.

கோப்பையில் மிஞ்சிய ரெசினைத் தூக்கி எறியாமல் அச்சின் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். அது நகத்தால் அழுத்தினால் குழியாமல் இருக்கும்போதும் அவசரப்படக் கூடாது. குறுகலான அச்சில் இருப்பது கோப்பையில் கட்டியாக இருப்பதைவிட மெதுவாகவே இறுகும். மறுநாள் எடுப்பதே உத்தமம்.

மழைக்காலமும் பாலியூரித்தேனும்

ஐப்பசி, கார்த்திகையில் தொல்லை வேறு பக்கத்திலிருந்து வரும். பாலியூரித்தேனின் ஒரு பாகத்திலுள்ள ஐசோசயனேட், தண்ணீரைக் கண்டால் வினைபுரிந்து கரியமில வாயுவை வெளிவிடும். உருவம் இட்லி போல உப்பி, வெட்டினால் உள்ளே துளைத்துளையாக இருக்கும். காற்றிலுள்ள ஈரம் போதும், காகிதக் கோப்பையும் ஐஸ் குச்சியும் உறிஞ்சிவைத்திருக்கும் ஈரமே போதும். ஆகவே இதற்குப் பிளாஸ்டிக் கோப்பையும் பிளாஸ்டிக் குச்சியும்தான். அச்சை முன்கூட்டியே வெயிலில் அரை மணி நேரம் காயவைக்கலாம். புட்டியைத் திறந்தால் எடுத்த உடனே வாயைத் துடைத்து இறுக மூட வேண்டும். மழை விடாமல் பெய்யும் நாளில் ஊற்றாமல் இருப்பதே சிக்கனம். எப்பாக்சியிலும் ஈரக் காற்றில் மேற்பரப்பு எண்ணெய் பூசியது போலப் பிசுக்காகும். அதைச் சோப்புத் தண்ணீரால் கழுவினால் போய்விடும்.

ஐசோசயனேட்டின் ஆவி நுரையீரலுக்குக் கேடு. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் அடுத்த முறை சிறு அளவே மூச்சுத்திணறலைக் கொண்டுவந்துவிடும். தூசிக்குப் போடும் முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிகளுக்கான வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும், திறந்த இடமும் வேண்டும். எப்பாக்சியோ தோலுக்கு ஒவ்வாதது. கையில் பட்டால் தின்னரால் துடைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், தின்னர் அதைத் தோலுக்குள் இன்னும் கொண்டுசெல்லும். இறுகாத ரெசினைக் கழுவுதொட்டியில் ஊற்றக் கூடாது, இறுகவிட்டுக் குப்பையில் போட வேண்டும். கலக்கப் பயன்படுத்திய கரண்டியோ டம்ளரோ சமையலறைக்குத் திரும்பவே கூடாது.

வெளியே எடுத்த பிறகு

உருவத்தைப் பாத்திரம் கழுவும் சோப்பால் பழைய பல்துலக்கியைக் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும். பவுடரும் பிசுக்கும் இருந்தால் வண்ணம் ஒட்டாது. வெட்டுக்கோட்டில் வரும் மெல்லிய வரம்பைப் பிளேடால் சுரண்டி, நீர் தொட்ட உப்புத்தாளால், முதலில் 400-ஆம் எண், பிறகு 800-ஆம் எண் கொண்டு தேய்க்கலாம். உலர்ந்தபடி தேய்த்தால் எழும் தூள் மூச்சில் போகும். குமிழிக் குழிகளைச் சிறிது பட்டி வைத்து நிரப்பி, துப்பாக்கியையும் கையையும் ஃபெவிக்விக்கால் ஒட்டி, சாம்பல் நிறப் ப்ரைமரை மெல்லிசாக அடித்தால் கண்ணுக்குத் தப்பிய குறைகளெல்லாம் அப்போது தெரியும். அவற்றைத் திருத்திய பின்பே அக்ரிலிக் வண்ணம். வண்ணமின்றிப் பளிங்கு போல வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் சன்னலருகே வைக்க வேண்டாம். வெயில் பட்டால் எப்பாக்சி மஞ்சளாகும்.

தலைப்பாகையில் மீண்டும் மீண்டும் ஒரே இடத்தில் குழி விழுந்தால் ஊற்றும் முறையில் குறையில்லை, அந்த இடத்துக்குக் காற்று வழி இல்லை என்று கொள்ள வேண்டும். மெல்லிய பிளேடால் அச்சிலேயே ஒரு கீறல் போட்டு வழி ஏற்படுத்தலாம். குழி ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் வந்தால் கலக்கும் வேகத்தைக் குறைக்க வேண்டும். உருவம் முழுவதும் குழைவாக இருந்தால் தராசையும், திட்டுத்திட்டாக ஒட்டினால் கலக்கியதையும் சந்தேகிக்க வேண்டும்.

ஓர் அச்சில் இருபது முப்பது உருவங்கள் வரை எடுக்கலாம். முதலில் கிழிவது குஞ்சத்தைச் சுற்றியுள்ள மெல்லிய உதடுதான். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அச்சுக்குள் ஓர் உருவத்தை வைத்தே மூடி, ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டு, வெயில் படாத அலமாரியில் நிமிர்த்தி வைக்க வேண்டும். உள்ளே உருவம் இருந்தால் அச்சு வடிவம் மாறாது. மேலே ஒரு துண்டுக் காகிதத்தில் ரெசின் எவ்வளவு, எந்த மாதம், எத்தனை மணிக்கு ஊற்றியது, எத்தனை நிமிடத்தில் கெட்டியானது என்று எழுதி ஒட்டிவிடுவது என் வழக்கம். என் சிப்பாய் அச்சின் மேலுள்ள கடைசிச் சீட்டில் "மே, காலை 5.40, 18 கிராம், 16 நிமிடம்" என்றிருக்கிறது, அதே அச்சின் மார்கழிச் சீட்டில் 41 நிமிடம்.